கலங்கலும் தெளிவும்: வங்கக் கடலின் சத்துக் கணக்கு

கடல்நீர் ஒரு லிட்டரைச் சுண்டக் காய்ச்சினால் ஏறத்தாழ 35 கிராம் உப்பு மிஞ்சும். அதில் பெரும்பகுதி அடுப்படியில் இருக்கும் அதே உப்புதான். ஆனால் ஒரு கடல் மீன்வளம் மிக்கதா, வறண்டதா என்பதைத் தீர்மானிப்பவை அதே நீரில் துளியளவு கரைந்திருக்கும் வேறு சில உப்புகள்: நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட். வயலுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் எப்படியோ, கடலுக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படி. சிலிகேட்டைக் கொண்டு டயாட்டம் என்னும் நுண்பாசி தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஓடு கட்டிக்கொள்கிறது. கடலின் புல்வெளி என்று சொல்லத்தக்க நுண்பாசிகளில் முதன்மையானவை இந்த டயாட்டங்கள். இவற்றைத் தின்று நுண்விலங்குகளும், அவற்றைத் தின்று சிறுமீன்களும், சிறுமீனைத் தின்று சூரையும் வஞ்சிரமும் வளர்கின்றன.

கரைந்தவை ஒருபுறமிருக்க, கரையாமல் நீரில் அலைந்து திரியும் துகள்கள் உண்டு. ஆறு கொண்டுவரும் களிமண், உயிருள்ள பாசி, செத்த பாசி, நுண்விலங்குகள் இடும் எச்சம், உதிர்ந்த ஓடுகள் எல்லாம் இதில் அடங்கும். கரைந்தது எது, துகள் எது என்று பிரிக்க ஆய்வாளர்கள் கையாளும் முறை எளியது. தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துளைகள் கொண்ட வடிதாளில் கடல்நீரை ஊற்றி வடிப்பார்கள். கீழே இறங்கியது கரைந்தது. தாளில் தங்கியது துகள். ஆற்றில் வெள்ளம் ஓடும் நாளில் கோதாவரி முகத்துவாரத்தில் எடுத்த நீரைச் சிறிதளவு ஊற்றினாலே வட்டமான அந்த வெள்ளைத் தாள் செங்காவி பூசியதுபோல் ஆகி, துளைகள் அடைத்துக்கொண்டு நீர் இறங்க மறுக்கும். நடுக்கடல் நீரோ சில லிட்டர் வடித்த பிறகும் மெல்லிய பச்சை கலந்த ஒரு கறையை மட்டுமே விட்டுச்செல்லும். வடிப்பதற்கு முன்னும் பின்னும் தாளை நுண்தராசில் நிறுத்து, எடை வேறுபாட்டைக் கொண்டு துகளின் அளவைச் சொல்கிறார்கள். திறந்த கடலில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை எட்டுவதே அரிது.

வெப்பமண்டலக் கடலின் முதல் சிக்கல், ஒளியும் சத்தும் ஒரே இடத்தில் இல்லாமை. பாசி வளர வெயில் வேண்டும். அது மேலே இருக்கிறது. மிகத் தெளிந்த நீரிலும் நூறு மீட்டருக்குச் சற்றுக் கீழே போனால் மேற்பரப்பு ஒளியில் நூறில் ஒரு பங்கே மிஞ்சும். சத்துகளோ கீழே இருக்கின்றன. மேலே வாழ்ந்து செத்த உயிர்கள் மூழ்கிச் சிதையும்போது அவற்றிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆழத்தில் கரைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வங்கக் கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதோடு ஒப்பிட்டால் இது அற்பம். கடலுக்கோ இதுவே கொழுத்த உரம். மேற்பரப்பில் ஆண்டின் பெரும்பகுதியில் சாதாரண ஆய்வுமுறைகளுக்குத் தட்டுப்படாத அளவுக்கு நைட்ரேட் தீர்ந்துபோயிருக்கும்.

இந்தச் சத்துகளைப் பாசிகள் எடுத்துக்கொள்ளும் விகிதம் ஏறக்குறைய நிலையானது. 1934இல் அமெரிக்கக் கடலாய்வாளர் ஆல்பிரட் ரெட்பீல்டு இதைக் கவனித்து எழுதினார். பிற்காலத்தில் உறுதிப்பட்ட கணக்கின்படி, ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுவும் 106 கரிம அணுவும் என்ற அளவில் பாசியின் உடல் கட்டப்படுகிறது. டயாட்டங்களுக்கு நைட்ரஜனுக்கு நிகரான அளவில் சிலிக்கனும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தாலும் வளர்ச்சி நின்றுவிடும்.

குளிர்நாட்டுக் கடல்களில் குளிர்காலம் வந்ததும் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். அடிநீர் சத்தோடு மேலேறும். ஆண்டுக்கொரு முறை கடல் தன்னைத்தானே உழுதுகொள்வது போன்றது அது. வெப்பமண்டலக் கடலுக்கு அந்த உழவு இல்லை. 28 முதல் 30 டிகிரி வரை சூடான மேல்நீர் எண்ணெய்போல் மிதந்துகொண்டு, குளிர்ந்த அடிநீருக்கு மூடியாகிவிடுகிறது. எங்கெல்லாம் இந்த மூடி திறக்கிறதோ அங்கெல்லாம்தான் வளம்.

அரபிக்கடலில் அதைத் திறப்பது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை சோமாலியா, ஓமான் கரைகளை ஒட்டி அடிக்கும் கடுங்காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழநீர் மேலெழுகிறது. கேரளக் கரையிலும் இதே மேலெழுச்சி சற்றுக் குறைந்த வேகத்தில் நிகழ்கிறது. மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீன் அக்கரையில் கூட்டங்கூட்டமாக வருவதற்கு இந்த நீரே முதற்காரணம்.

வங்காள விரிகுடாவின் கதை வேறு. ஒரே அகலாங்கு, ஒரே பருவமழை, நடுவே ஒரு தீபகற்பம் மட்டுமே. ஆனாலும் இவ்விரு கடல்களைப் போல் இயல்பில் மாறுபட்ட அண்டைக் கடல்களைக் காண்பது கடினம். அரபிக்கடலில் பெரிய ஆறுகள் மிகக் குறைவு. வங்கக் கடலிலோ கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று வரிசையாக வந்து விழுகின்றன. கடல்மேல் பெய்யும் மழையும் சேர, விரிகுடாவின் வடபகுதியில் மேல்நீர் பருவமழைக் காலத்தில் பாதி நன்னீராகவே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகும். ஆனால் கிலோவுக்கு 30 கிராமுக்கும் கீழே உப்பு குறைந்துவிடுகிறது. இந்த இலேசான நீர், வெப்பத்தால் ஏற்கெனவே உள்ள மூடியின்மேல் இன்னொரு மூடியாகப் படர்கிறது. இங்கே வீசும் காற்றும் அரபிக்கடற் காற்றைவிட வலுக்குறைந்தது. இரட்டை மூடியைக் கிளப்ப அதற்கு வலுவில்லை. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பருவமழைக் காலத்திலும் விரிகுடா வளங்குன்றியிருப்பதற்கு இதையே காரணமாகக் காட்டினர்.

ஆறுகளே சத்தைக் கொண்டுவருமே, அது போதாதா என்ற கேள்வி எழும். ஆற்றுநீரில் சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் அதே நீரில் வண்டலும் உண்டு. முகத்துவாரத்தில் நீர் சேறாகக் கலங்கியிருக்கும்போது ஒளி உள்ளே புகாது. சத்து இருந்தும் பாசி வளராது. கலங்கல் தெளியத் தெளிய, கரையோரப் பாசிகள் முந்திக்கொண்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்றுவிடுகின்றன. நடுக்கடலை எட்டுவதற்குள் சிலிகேட் தவிர மற்றவை ஏறக்குறைய தீர்ந்துவிடும். பருவமழை மேகம் மாதக்கணக்கில் வெயிலை மறைப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இதுவரை பார்த்ததை வைத்தால், வங்கக் கடலின் அடிக்கு இறங்கும் உயிர்ப்பொருளும் அரபிக்கடலைவிட வெகு குறைவாக இருக்க வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அதை நேரிலேயே அளந்து பார்க்க வழி பிறந்தது. தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1986இல் அரபிக்கடலிலும் 1987இல் வங்கக் கடலிலும் வண்டல் பொறிகளை இறக்கின. பொறி என்பது ஒரு பெரிய புனல். அதன் கீழ்முனையில் வட்டத் தட்டில் குப்பிகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். குறித்த நாள் ஆனதும் தட்டு தானே சுழன்று அடுத்த குப்பியைப் புனலின் வாய்க்குக் கொண்டுவரும். விழுந்தது அழுகாமலிருக்கக் குப்பியில் முன்கூட்டியே மருந்து கலந்த உப்புநீர் நிரப்பப்பட்டிருக்கும். கடலடியில் கனத்த எடையும் மேலே மிதவைகளுமாகக் கட்டிய நீண்ட கயிற்றில், ஆயிரம் மீட்டரிலும் அதற்குக் கீழும் இந்தப் புனல்கள் மாதக்கணக்கில் வாய் திறந்து நிற்கும். பிறகு கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை அனுப்பினால் அடியிலுள்ள கொக்கி விடுபட, எல்லாம் மிதந்து மேலே வரும். குப்பிகளை ஒளியில் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சாம்பலும் பழுப்புமாகப் படிந்திருக்கும் பொருளின் உயரம் வேறுபடும். பருவமழைக் குப்பிகளில் கூடுதல், இடைக்காலக் குப்பிகளில் குறைவு. கடலின் நாட்காட்டி அந்தக் குப்பிகளில் அப்படியே பதிந்திருக்கிறது.

முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தது. மேற்பரப்பில் விளைச்சல் குறைந்த வங்கக் கடலில், ஆழத்துக்கு இறங்கும் உயிர்க்கரிமம் அரபிக்கடலுக்கு ஏறத்தாழ நிகராக இருந்தது. வேணுகோபாலன் இட்டேக்கோட்டும் சக ஆய்வாளர்களும் 1991இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டு, ஆறுகள் கொண்டுவரும் நன்னீரையும் களிமண்ணையும் காரணமாகச் சுட்டினர். விரிகுடாவின் வடக்கில் குப்பிகளில் களிமண் மிகுந்தும், தெற்கே போகப் போகச் சுண்ண ஓடுகளின் பங்கு கூடியும் இருந்தது அந்த விளக்கத்துக்கு வலு சேர்த்தது.

களிமண் இங்கே செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டு வீடுகளின் பழைய பழக்கம் ஒன்று உதவும். கலங்கிய ஆற்றுநீரைக் குடத்தில் பிடித்ததும், குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைப்பார்கள். சற்று நேரத்தில் கலங்கல் திரண்டு அடியில் படியும். மேலே தெளிநீர் நிற்கும். தனித்தனியே மிதந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் எடை கூடி இறங்குகின்றன. முகத்துவாரத்தில் கடலுப்பு இதே வேலையைச் செய்கிறது. ஆற்றுநீரில் களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். உப்புநீர் பட்டதும் அந்தத் தள்ளுவிசை அடங்கி, அவை திரளத் தொடங்கும். கடலில் பாசிகள் கசியவிடும் பிசுபிசுப்பான பொருளும் சேர்ந்தால், செத்த டயாட்டம், எச்சம், களிமண் எல்லாம் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் அளவில் வெண்திரள்களாகும்.

நீர்மூழ்கியில் இறங்கிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 1950களின் தொடக்கத்தில் விளக்கொளியில் இத்திரள்கள் ஓயாமல் விழுவதைக் கண்டு, இதற்குக் கடற்பனி என்று பெயரிட்டனர். பனியே காணாத கரைகளை ஒட்டிய கடலிலும் இந்தப் பனி இரவுபகலாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒட்டுவதால் வேகத்தில் ஏற்படும் மாற்றம் வியப்பூட்டுவது. மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள களிமண் துகள் தனியே இறங்கினால் நாளுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான் போகும். 3000 மீட்டர் ஆழத்தைத் தொட 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே துகள் ஒரு திரளில் ஒட்டிக்கொண்டு நாளுக்கு 100 மீட்டர் இறங்கினால் ஒரே மாதத்தில் அடி சேரும். உயிர்ப்பொருள் தானாக இறங்குவது மெதுவாகத்தான். வழியெங்கும் நுண்ணுயிரிகள் காத்திருக்கின்றன. மெதுவாக இறங்குவதை அவை பாதி வழியிலேயே தின்றுவிடும். களிமண் கூடவே இருந்தால் அது பளுவாக நின்று திரளை விரைவாகக் கீழே இழுத்துச் செல்கிறது. காற்றிலிருந்து பாசி எடுத்த கரிமம் அப்படித்தான் ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது.

கங்கையும் பிரம்மபுத்திராவும் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. இமயமலை அரிந்து அரிந்து கடலில் கொட்டப்படுகிறது என்பதே இதன் பொருள். இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொட்டியதில் விரிகுடாவின் அடியில் உருவானதுதான் வங்க வண்டல் விசிறி. இலங்கைக்குத் தெற்கே நிலநடுக்கோட்டையும் தாண்டி ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்துள்ள இது, உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி. இதில் புதைந்திருப்பது மண் மட்டுமா? இலை, வேர், சருகு என்று நிலத்தில் விளைந்த கரிமமும் சேறோடு சேர்ந்து அடியில் பூட்டப்பட்டிருக்கிறது. உலகக் கடல்களில் புதையும் நிலக்கரிமத்தில் 10 முதல் 20 விழுக்காடு இந்த ஒரு விசிறியில் புதைகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

மேலும் ஒரு நன்மை வண்டலால் விளைகிறது. விரிகுடாவில் சுமார் 100 மீட்டருக்குக் கீழே 600 மீட்டர் வரை உயிர்வளி அநேகமாக இல்லை. உயிர்வளி முற்றாக அற்றுப்போனால் அங்குள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும். கடலுக்கு உரமாக வேண்டியது காற்றோடு போய்விடும். அரபிக்கடலில் இது பெருமளவில் நடக்கிறது. வங்கக் கடலில் மிக மிகச் சிறிய அளவில் எஞ்சியிருக்கும் உயிர்வளி அதைத் தடுத்து நிறுத்தியிருப்பதை 2017இல் வெளிவந்த அளவீடுகள் காட்டின. உயிர்ப்பொருள் நடுவழியில் சிதையாமல் விரைந்து அடிக்குப் போவதும் இதற்கு ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். விளிம்பில் நிற்கும் கடல் இது. சிறு மாற்றமும் அதைத் தள்ளிவிடக்கூடும்.

வங்கக் கடலின் மூடி ஒருபோதும் திறப்பதில்லை என்பதில்லை. புயல் திறக்கும். புயல் கடந்த தடத்தில் மேல்நீர் கலங்கி, குளிர்ந்த நீர் சத்தோடு எழும். சில நாளில் பாசி பெருகும். 1999 அக்டோபரில் ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலை ஒட்டிச் சென்னைக்கு அப்பாலுள்ள கடலில் விளைச்சல் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடஞ்சுழியாகச் சுழலும் குளிர்நீர்ச் சுழல்களும் அடிநீரைக் குமிழாக மேலே தூக்குகின்றன. தென்மேற்குப் பருவத்தில் இலங்கையின் தென்கரையில் எழும் சத்துநீர் கிழக்கே ஓடி விரிகுடாவின் தென்பகுதிக்குள் புகுகிறது. இத்தகைய இடங்களில் கடலின் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறுவதைச் செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன. அந்த நிறத்தையும் மேல்நீர் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடும் இடத்தின் திசை, தொலைவு, ஆழம் ஆகியவற்றை ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் மீனவர்களுக்கு அறிவித்துவருகிறது.

தமிழ்நாட்டுக் கரையில் கலங்கலையும் தெளிவையும் அருகருகே காணலாம். வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, வடக்கின் உப்புக்குறைந்த நீரைக் கொண்டுவரும். பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. பல இடங்களில் 10 மீட்டரைத் தாண்டாது. அங்கே காற்று அடித்தாலே அடிமண் கிளம்பிக் கலங்கும். அந்த மண்ணைப் பிடித்து நிறுத்துபவை கடற்புற்கள். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன. பவளத்துக்கு நேர்மாறான தேவை: தெளிந்த நீர், குறைந்த சத்து, நிறைய ஒளி. அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாசி அதற்கு உணவு சமைத்துத் தருவதால் வெளியிலிருந்து வரும் சத்து அதற்கு அதிகம் தேவைப்படுவதில்லை. கலங்கல் படிந்தால் ஒளி குறையும். மேலே விழும் சேற்றைத் துடைப்பதிலேயே அதன் வலு தீரும்.

சத்து மிகுந்தால் என்ன ஆகும் என்பதையும் மன்னார் வளைகுடா காட்டியது. 2019 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் கடல் பச்சை வண்ணம் கரைத்ததுபோல் ஆனது. பூங்கோரை என்று அப்பகுதி மீனவர் சொல்லும் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரி பெருகியதே காரணம். அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்து மக்களைத் திரட்டியதும் இதே இனத்தால்தான். டயாட்டங்களைத் தின்று பெருகும் இது கூட்டமாகச் செத்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியை நுண்ணுயிரிகள் தீர்த்துவிடும். மீன்கள் செத்துக் கரையொதுங்கின. ஓடிப்போக வழியில்லாத பவளங்கள் இருந்த இடத்திலேயே மடிந்தன.

மனிதர் கை இந்தக் கணக்கில் இரண்டு வழியாக நுழைகிறது. வயலில் இட்ட உரமும் நகரக் கழிவும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கூட்டுகின்றன. அணைகளோ வண்டலையும் சிலிகேட்டையும் குறைக்கின்றன. நீர்த்தேக்கத்தில் நீர் அசையாமல் நிற்கும்போது மண் படிகிறது. அங்கேயே டயாட்டங்கள் வளர்ந்து சிலிகேட்டை உண்டு அடியில் சேர்த்துவிடுகின்றன. கோதாவரி 1970களில் கடலுக்குக் கொண்டுசென்ற வண்டலில் பாதிகூட 1990களில் போய்ச் சேரவில்லை. அதன் கழிமுகக் கரை பல இடங்களில் கடலுக்குப் பலியாகிவருகிறது. சத்து கூடி சிலிகேட் குறைந்தால் டயாட்டங்கள் பின்தங்க, ஓடு கட்டத் தேவையில்லாத மற்றப் பாசிகள் முந்தும். பளுவாக இறங்கும் களிமண்ணும் குறைந்தால் கரிமம் ஆழத்துக்குப் போகும் வேகமும் தளரும். மேலே சொன்ன உயிர்வளி விளிம்பு நினைவில் இருக்கட்டும்.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும், கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதெல்லாம், இத்தனை டி.எம்.சி. நீர் கடலில் வீணாகக் கலந்தது என்ற செய்தி வரும். பயிர் காயும் ஊரில் அந்த ஆதங்கம் நியாயமானதே. ஆனால் அந்த வெள்ளத்தோடு போகும் மண்ணும் சிலிகேட்டும் வீணாவதில்லை. கரையைக் கட்டுவதும், டயாட்டத்துக்கு ஓடு தருவதும், பாசியின் கரிமத்தை ஆழத்துக்கு இறக்குவதும் அவையே. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று தமிழ்நாட்டில் பலருக்கும் மனப்பாடம். 1934இலிருந்து அந்த அணைக்குப் பின்னால் தங்கிவிட்ட வண்டல் எவ்வளவு, அதனால் பூம்புகாருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அப்பாலுள்ள கடல் இழந்தது என்ன என்ற கணக்கையும் மக்கள் அதேபோல் கேட்டுப் பெற வேண்டும். புதிதாக எழும் ஒவ்வோர் அணையின் திட்ட அறிக்கையிலும், தேங்கும் நீரின் அளவுக்குப் பக்கத்திலேயே, கடலுக்குப் போகாமல் நிற்கப்போகும் மண்ணின் அளவையும் எழுத வேண்டும்.